தேய்ந்துகொண்டே வந்த வார்த்தை

மருமகள் தலை வாரிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மாமியார் அவளுடைய கைப்பையைத் திறந்தாள்.

குளியலறையில் மகன் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தான். அந்தச் சத்தம் நிற்பதற்குள் பார்த்துவிட வேண்டும்.

பையில் மூன்று ஜோடித் துணி. பல் தேய்க்கும் பிரஷ். சட்டத்திலிருந்து உருவி எடுத்த, அவளுடைய அப்பாவின் படம்.

ஆக, மனசு சொன்னது சரிதான்.

சந்தேகம் இன்று நேற்று வந்ததில்லை. கல்யாணமான புதிதில், லேபுக்கு வேலைக்குக் கிளம்பும்போது மருமகள், "போயிட்டு வர்றேன் அத்தை, கதவைச் சாத்திக்கோங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். சில மாதங்களில் அந்தப் பேச்சிலிருந்து கதவு காணாமல் போனது. பிறகு அத்தையும் போனாள். மழைக்காலம் முடிந்த பிறகு வெறும் "வர்றேன்." போன வாரம் முழுக்க "கிளம்பறேன்."

கோடை வந்தும் அவள் முழுக்கைச் சட்டையை விடவில்லை.

ஒவ்வொரு தடவையும் மாமியாருக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு தடவையும், 'வயசானா இல்லாததெல்லாம் காதில் விழும்' என்று தன்னையே அடக்கிக்கொண்டாள். பாம்புச் செவி என்று மகன் அவளைக் கிண்டல் செய்வான். அந்தச் செவியை அவள்தான் நம்பாமல் இருந்தாள்.

"என் பையில என்ன பாக்கறீங்க?"

மருமகள் பின்னால் நின்றிருந்தாள்.

"சாப்பாடு எடுத்துக்கிட்டியான்னு பார்த்தேன்."

"எடுத்துக்கிட்டேன்." பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் போறேன்."

போறேன்.

மாமியார் அவளை முந்திக்கொண்டு போய் வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். குறுக்கே நின்றாள்.

"வழியை விடுங்க அத்தை. பஸ் போயிடும்."

"எந்த பஸ்?"

"தினமும் போற பஸ்தான்."

"அதுல ஏற எதுக்கு மூணு செட் துணி?"

மருமகள் பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"உன்னை இப்படியே அனுப்ப முடியாது" என்றாள் மாமியார்.

"உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன். சத்தம் போடாதீங்க."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"யார்கிட்டம்மா காலங்காத்தால கச்சேரி?" மகனின் குரல்.

மருமகளின் முகம் வெளுத்தது.

"தண்ணி கேன் போடறவர்ப்பா. ஒண்ணா ரெண்டான்னு கேக்கறார்."

"அதுக்கு இவ்வளவு பேச்சா? அவ எங்கே? சட்டைக்குப் பொத்தான் தைக்கச் சொல்லி ராத்திரியே சொன்னேனே. சொன்னா ஏறாதா? வந்து ஏத்தறேன் இரு."

"தைச்சுக்கிட்டுத்தான் இருக்கா. நீ குளி."

தண்ணீர் மறுபடி கொட்டத் தொடங்கியது.

மருமகள் அவளையே பார்த்தாள்.

மாமியார் செருப்பு அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, பழுப்பு நிற உறை ஒன்றை உருவினாள்.

"உன் சர்டிபிகேட்டுங்க. பீரோல பூட்டி வச்சிருந்தான். சாவி நேத்துதான் கையில மாட்டிச்சு. இது இல்லாம எங்க போய் வேலை கேப்பே?"

மருமகளின் கையிலிருந்து உறை இரண்டு தடவை நழுவியது. மாமியாரே அதைப் பைக்குள் செருகினாள்.

"அத்தை, நான்..."

"எங்கே போறேன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதே. தெரிஞ்சா, அவன் போடற கூச்சல்ல வாய் தவறி வந்துடும்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தினமும் சொல்லிக்கிட்டுத்தானே இருந்தே. எனக்குத்தான் நம்ப இத்தனை நாளாச்சு."

தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கினாள். மருமகள் படியில் கால் வைத்தாள், திரும்பினாள்.

"நீங்க தனியா இவரோட..."

"போம்மா, நேரமில்லை." மாமியார் அவள் தோளைத் தொட்டு மெல்லத் தள்ளினாள். "நானும் ஒருநாள் இந்த வாசல்ல பையோட நின்னேன். எங்க அத்தைக்கும் இப்படித்தான் தெரிஞ்சுபோச்சு. அவங்க, தூங்கிட்டிருந்த மகனை எழுப்பிட்டாங்க."