பழைய ரோட்டில் ஒரு திராட்சைக் கடை

"பைபாஸ் இருக்கையில எதுக்குப்பா பழைய ரோட்டுல வளைக்கிற?" வேனின் பின்சீட்டிலிருந்து கத்தினார் சுந்தர்ராஜ்.

"இங்கன நெழலா இருக்கும் சார்" என்றார் டிரைவர் பீட்டர்ராஜ்.

அது பொய்யில்லை. இரண்டு பக்கமும் புளியமரங்கள். வெயிலும் நிழலும் மாறி மாறி மடியில் விழ, சுந்தர்ராஜின் மனைவி அனுசுயா பாதித் தூக்கத்தில் இருந்தாள். போய்க் குளிக்கப்போகும் சுருளி அருவியின் சத்தம் இப்போதே காதில் விழுகிற மாதிரி ஒரு மயக்கம் அவளுக்கு.

வேன் நின்றது. தார்ப்பாய் நிழலில் ஒரு திராட்சைக் கடை. அதை விட்டால் அந்த ரோட்டில் ஈ காக்கா இல்லை.

"பன்னீர் திராட்சை சார். காலையில பறிச்சது. வாங்கிப் பாருங்க" என்றார் பீட்டர்ராஜ்.

ஓகோ, இதற்குத்தானா இந்தச் சுற்று! சுந்தர்ராஜுக்குச் சுருக்கென்றது.

"போன மாசம் எங்க ஆபீஸ்காரங்களையும் இங்கதான் நிறுத்தினியாமே? கமிஷன் எவ்வளவு வருது?"

பீட்டர்ராஜ் தலையைச் சொறிந்தார்.

"அட, விடுங்க. என்னமா மணக்குது!" அனுசுயா இறங்கிப் போய் ஒரு பழத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நிமிடம் வேன், ரோடு, புருஷன் எல்லாமே மறந்துபோனது.

சுந்தர்ராஜ் விடுவாரா? கடைக்கார அக்கம்மாளிடமே போனார்.

"ஏம்மா, இந்த டிரைவருக்கு எவ்வளவு குடுக்கிற? உள்ளதச் சொல்லு. இல்லேன்னா அடுத்த வாரம் வர்ற எங்க சொந்தக்காரங்க ரெண்டு வண்டியும் பைபாஸ்லதான் போகும்."

அக்கம்மாள் பதறிப்போனாள்.

"அய்யய்யோ, அப்படிச் சொல்லாதீக அய்யா! பைபாஸ் வந்தபெறகு இங்கன வண்டியே வர்றதில்ல. இவுக கொண்டாந்து நிறுத்துறதுலதேன் எங்க வீட்டுல அடுப்பு எரியுது. எங்க மொதலாளியப் போயி கமிஷன் வாங்குறாகன்னு சொல்றீகளே!"

"மொதலாளியா? யாரு?"

"இவுகதேன். இவுக திராட்சைத் தோட்டத்துல பதினெட்டு வருசம் கொடிய வெட்டிக் கவாத்து பண்ணுனேன். அந்தத் தோட்டத்து மேலதேன் இப்ப பைபாஸ் போகுது."

சுந்தர்ராஜ் திரும்பினார். "அப்ப நஷ்டஈடு நல்லா வந்திருக்குமே பீட்டர்ராஜ்?"

"வந்துச்சு சார். இந்த வேன் அதுல வாங்குனதுதேன்."

"பெறகென்ன? பொழப்பு நல்லாத்தானே போகுது? எதுக்கு இந்த ரோட்டையே கட்டிக்கிட்டு அழுகிற?"

பீட்டர்ராஜ் அக்கம்மாளைப் பார்க்கவில்லை. மெதுவாகச் சொன்னார்:

"என் நெலத்த சென்டு சென்டா அளந்து காசு குடுத்தாக சார். அதுல அக்கா பாத்த வேலைய அளக்க யாரும் வரலையே."