ஒருவருக்கு ஒரு டோக்கன்

அன்று கிளினிக்குக்கு எத்தனை முறை போன் செய்தேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. இரண்டு முறை என்றுதான் நினைக்கிறேன். அக்காவுக்கு விடியற்காலையிலிருந்தே மூச்சு வாங்கியது. எட்டு மணிக்கு லைன் கிடைத்ததும் அவள் பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னேன்.

"அவங்க வந்துட்டாங்களே சார். எதிர்லதான் உட்கார்ந்திருக்காங்க," என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"இல்லம்மா, அக்கா இங்க என் பக்கத்துல படுத்திருக்கா."

"பச்சை ஸ்வெட்டர், இடது கையில கட்டு. அவங்கதானே? ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு டோக்கன்தான் சார்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அக்கா தன் இடது கையில் இருந்த கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "விடுடா. அவளையாவது நல்லாப் பார்க்கச் சொல்லு," என்று சிரிக்கப் போய் இருமினாள்.

பத்தரைக்கு மறுபடி கூப்பிட்டேன். டாக்டர் ஊசி போட்டாராம், மூச்சு சீராகிவிட்டதாம். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தபோது அவர்களும் கணினியைப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்கள்; வண்டி வரவில்லை.

அக்கா மதியம் இரண்டு மணிக்கு இறந்துபோனாள். வரவேற்பில் இருந்த அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டாள். டாக்டர் அதே கிளினிக்கில்தான் இருக்கிறார். நான் தனியாக இருக்கிறேன். அக்கா மாதம் ஒருமுறை அங்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு போகிறாள். கைக்கட்டைப் பிரித்துவிட்டார்களாம்.