மாற்ற ஆள் வரவில்லை

புதிதாக மாற்றலாகி வந்த கண்காணிப்பாளர் போட்ட ஷிஃப்ட் அட்டவணைக்கு இன்றுதான் முதல் நாள். “மாத்தித் தாங்கன்னு யாரும் என்கிட்ட வரக் கூடாது” என்று அப்போதே கறாராகச் சொல்லியிருந்தார்.

மதிய ஷிஃப்ட்டுக்கு வரவேண்டிய ஆளைக் காணோம். அடுத்தவர் வந்து, “நான் எடுத்துக்கிட்டேன்” என்று சொல்லாமல் ரேடார் திரையை விட்டு யாரும் எழக் கூடாது. காலை ஷிஃப்ட் முடிந்தும், விமானங்களுக்கு வழி சொல்லியபடி தவித்துக்கொண்டிருந்தாள் அவள்.

“சார், நான் உடனே வீட்டுக்குப் போயாகணும்.”

“இரும்மா, அந்த ஆளை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்.” கண்காணிப்பாளர் போனை எடுத்தார்.

“எங்கய்யா இருக்கீங்க?”

“என்னை மாத்திவிட ஆள் வரலை சார். அப்படியே விட்டுட்டு எப்படிக் கிளம்புறது?”

“என்னது, வேற எங்கயோ வேலை பாக்கறீங்களா?”

“சம்பளம் கிடையாது சார். லீவும் கிடையாது.”

கண்காணிப்பாளருக்கு ரத்தம் கொதித்தது. “உங்களை மாத்திவிட வரவேண்டியது யாரு? சொல்லுங்கய்யா!”

போனில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

“நான்தான் சார்” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அவர் என் வீட்டுக்காரர். நான் போனாத்தான் அவர் வர முடியும், அவர் வந்தாத்தான் நான் போக முடியும். அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க விடலை.”

கண்காணிப்பாளர் போனில் குரலைத் தணித்தார்.

“சரி, பிள்ளையையும் தூக்கிட்டு வாங்க.”

சற்று நேரத்தில் அறை வாசலில் குழந்தை கை மாறியது.

“நான் எடுத்துக்கிட்டேன்” என்றார் கண்காணிப்பாளர்.