முப்பத்தோராவது நாள்

"முப்பது நாள் நேத்தோட முடிஞ்சு போச்சு, கெவோர்க். உங்க விண்ணப்பம் செல்லாது. சட்டத்தோட என்னால மல்லுக்கட்ட முடியாது."

லுசிண்டா இப்படிச் சொன்னதும் கெவோர்க் தலையைச் சொறிந்தார். பாதாம் தோட்டக்காரர், எழுபது வயது. "தண்ணி மோட்டார் கெட்டுப்போச்சும்மா. அந்த அலைச்சல்ல மறந்தே போயிட்டேன்."

"போன தடவை பல்வலி. அதுக்கு முன்னாடி பேத்தி கல்யாணம். ஆறு தடவை, கெவோர்க்! ஆறு தடவையும் சொல்லி வெச்ச மாதிரி முப்பத்தோராவது நாள்தான் வந்து நிக்கிறீங்க!"

லுசிண்டா கலிஃபோர்னியாவில் இருபது வருடமாகத் துப்பாக்கிக் கடை நடத்துகிறாள். பழைய கைத்துப்பாக்கியை ஒருவர் இன்னொருவருக்கு விற்பதென்றால் இருவருமே கடைக்கு வர வேண்டும். வாங்குபவர் விண்ணப்பம் போட்டுவிட்டுப் பத்து நாள் காத்திருக்க வேண்டும், முப்பது நாளுக்குள் எடுத்துப்போய்விட வேண்டும். அதுவரை துப்பாக்கி அவளுடைய இரும்புப் பெட்டகத்தில் இருக்கும். கெடு தாண்டினால் புதிதாக விண்ணப்பம் போட வேண்டும், இல்லையென்றால் விற்றவருக்கே திரும்பிப் போகும்.

பதினோராம் நாள் கடை திறக்கும் முன்பே வாசலில் தவம் கிடப்பவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். ஒரே ரிவால்வரை ஆறு முறை வாங்கி ஆறு முறையும் எடுக்க மறந்த அதிசயப் பிறவியை இப்போதுதான் பார்க்கிறாள்.

அதைவிட அதிசயம், விற்கிற ஹார்லன். கெவோர்க்கின் பக்கத்து வீட்டுக்காரர், இன்றும் அவரோடு வந்து நிற்கிறார். மார்ச் மாதம் மனைவியை அடக்கம் செய்த கையோடு, தன் அப்பாவின் ரிவால்வரை விற்கக் கொண்டுவந்தவர். மாதாமாதம் வேலை மெனக்கெட்டு வருகிறார், கையெழுத்துப் போடுகிறார், நண்பரை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. ஒரு மனிதனுக்கு இவ்வளவு பொறுமையா என்று லுசிண்டா வாயடைத்துப் போவாள்.

இன்று அவளுக்குத்தான் பொறுமை போய்விட்டது. பெட்டகத்தைத் திறந்து, ரிவால்வரை எடுத்து ஹார்லன் முன்னால் வைத்தாள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. வேற நல்ல ஆளா பார்த்து வித்துக்கலாம். இந்த மனுஷனுக்கு இனிமே நான் விண்ணப்பம் எழுதுறதா இல்ல."

கெவோர்க்கின் முகம் வெளுத்துவிட்டது. "இந்த ஒரு தடவை எழுதும்மா. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"விழுந்தா எந்திரிப்பீங்களா இந்த வயசுல? முதல்ல மறதிக்கு வைத்தியம் பாருங்க."

"பார்க்கிறேன், சத்தியமா பார்க்கிறேன். இப்ப எழுது."

ஊரில் யாரிடமும் தலை குனியாத மனிதர். ஒரு பழைய ரிவால்வருக்காக அவர் குரல் உடைவதைக் கேட்டு லுசிண்டா திகைத்துப்போனாள்.

ஹார்லன் ரிவால்வரைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றார்.

"எழுதிரு, லுசிண்டா."

"நீங்களுமா? உங்களை இவர் ஏமாத்துறார், ஹார்லன்! உண்மையிலேயே வேணும்னா இந்நேரம் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க மாட்டாரா?"

"டேய், சொல்லாதடா" என்றார் கெவோர்க் மெதுவாக.

"சொல்லிடறேன்டா. எனக்காக நீ இன்னும் எத்தனை நாள் திட்டு வாங்குவே?" ஹார்லன் அவள் பக்கம் திரும்பினார். "அவனுக்கு மறதியெல்லாம் கிடையாதும்மா. எடுத்துடாதடான்னு அவன் கையைப் பிடிச்சுக் கெஞ்சினதே நான்தான். அவன் வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு, அங்க வெச்சாலும் போய் எடுத்துருவேன். இது உன் பெட்டகத்துக்குள்ள இருக்கிற வரைக்கும்தான், அவ இல்லாத வீட்ல விடியிற வரைக்கும் என்னால உயிரோட இருக்க முடியுது."