பிடித்துக்கொண்ட பிரேக்

எவ்வளவு முறுக்கினாலும் ஸ்கூட்டர் வேகம் எடுக்கவில்லை. மெக்கானிக் சேவியர் பிளக்கை மாற்றினார், கார்பரேட்டரைக் கழுவினார். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். அதே இழுவைதான்.

பின்சக்கரம் தன் பிரேக்கிடம் மெல்லச் சொன்னது: "என்னைக் கொஞ்சம் விடேன். உடம்பெல்லாம் சுடுது."

"நீ எப்பவும் ஓடிக்கிட்டே இருக்க. வண்டியை நிறுத்தும்போதுதான் உன்னைத் தொட முடியுது. தொட்டா விட மனசு வரல," என்றது பிரேக்.

சேவியர் இறங்கி, சக்கரத்தின் நடுவே தொட்டவர் கையை உதறினார். "அட, பிரேக்தானே பிடிச்சுக்கிட்டு இருக்கு!" பிரேக் நட்டைத் தளர்த்தினார்.

ஸ்கூட்டர் பறந்தது. முதல் சிக்னல் பச்சை. அடுத்ததும் பச்சை. அதற்கடுத்ததும்.

"ஒண்ணாவது சிவக்காதா?" என்று கேட்டுக்கொண்டே சுழன்றது சக்கரம்.