டிசம்பர் பூவின் வாசம்

கார்த்திகைக் குளிரில் வேலியோரம் டிசம்பர் செடி ஊதாவாய்ப் பூத்துக் குலுங்கியது. பக்கத்தில் மல்லிகை வெறும் இலையோடு நின்றது.

"எத்தனை பூத்து என்ன, தங்கச்சி? வாசம் வேணுமே," என்றது மல்லிகை.

"நீங்க இப்பல்லாம் பூக்கிறதே இல்லையேக்கா."

மல்லிகைக்குச் சுருக்கென்றது. பத்து நாள் மூச்சைப் பிடித்து ஒரே ஒரு பூ பூத்தது. யாருக்கு மதிப்பு என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

வீட்டுக்காரி சுகுணா பூப்பறிக்க வந்தாள். ஒற்றை மல்லியை என்ன செய்வது? டிசம்பர் சரத்துக்குள்ளேயே சேர்த்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். மல்லி ஊதாவுக்குள் மறைந்தே போனது.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரி காற்றை முகர்ந்தாள்.

"உங்க டிசம்பர் பூ மட்டும் எப்படிக்கா இவ்வளவு வாசமா இருக்கு?"

டிசம்பர் செடி மல்லிகைப் பக்கம் மெல்லச் சாய்ந்தது.

"எல்லாம் உங்க பக்கத்துல இருக்கிற ராசிக்கா."