நடைதான் சாவி

எம் பையன் ஆதவ் பைக் சாவியத் தொலைச்சுக்கிட்டே இருப்பான். அதனால அவனுக்குச் சென்னையில வேலை கெடச்சப்ப, ஆளோட நடையப் பாத்துத் தொறக்குற பைக் வாங்கிக் குடுத்தேன். பக்கத்துல நடந்து வந்தா லைட் எரியும். "வாடா ஆதவ், போலாமா?"ன்னு கேக்கும். அவனே செட் பண்ணுன பேச்சு அது.

போன ஆடியில காய்ச்சல் வந்து அங்கேயே போயிட்டான். வண்டிய நேத்துதான் குட்டியானை லாரியில ஏத்திக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துனோம்.

இன்னைக்குக் காலையில எம் பொண்ணு மிருணா காலேஜ் கெளம்பி வண்டியத் தாண்டிப் போனா. லைட் எரிஞ்சுது. "வாடா ஆதவ், போலாமா?"

எங்க வீட்டுக்காரம்மா அடுப்படியிலேர்ந்து ஓடியாந்தா. "கண்ணு, இன்னொரு தடவ நட."

நடந்தா. வண்டி மறுபடி கூப்பிட்டுச்சு.

"இன்னும் ஒரே ஒரு தடவடி."

"அம்மா, பஸ் போயிடும்மா. நான் மிருணாம்மா."

நானும் தடுக்கல. எனக்கும் கேக்கணும்போல இருந்துச்சு.

மிருணா கண்ணத் தொடச்சுக்கிட்டு, வேணும்னே ஒரு கால இழுத்து இழுத்து நொண்டிக்கிட்டே வண்டியத் தாண்டிப் போனா. வண்டி ஒண்ணும் பேசல.

தெருமுனைக்குப் போனதும் நல்லா நடந்தா. அப்படியே அவன் நடை.